தொண்ணூற்றாறு என்று எழுதினேன்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் போய் என் அண்ணன் லூர்துவைப் பற்றிக் கேட்டால், நல்லவனா கெட்டவனா என்றெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் மூச்சைப் பற்றித்தான் சொல்வார்கள். உயிரோடு இருந்தபோது அவனுக்கும் அதுதான் பெருமை.

விசைப்படகின் அடியில் சுற்றும் விசிறியில் வலையோ கயிறோ மாட்டிக்கொண்டால் படகு அப்படியே நின்றுவிடும். யாராவது ஒருவர் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கி, சிக்கியதை அறுத்து எடுக்க வேண்டும். துறைமுகத்துக்குள் கிடக்கும் தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லக் கூடாது. டீசலும் மீன் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்த குழம்பு அது. கண்ணைத் திறந்தால் எரியும், திறந்தாலும் எதுவும் தெரியாது. கையால் தடவித் தடவி அறுக்க வேண்டும். பதினேழு வயதிலிருந்து நாற்பத்தொன்பது வயது வரைக்கும் அண்ணன் செய்தது அந்த வேலைதான். முதுகில் சிலிண்டர் கிடையாது, வாயில் குழாய் கிடையாது. ஒரு தரம் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனால் இரண்டு நிமிடம், சில நாள் இரண்டரை. மேலே நிற்கிறவர்கள்தான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவன் சாவகாசமாக மேலே வந்து, காறித் துப்பிவிட்டு, டீ சொன்னீங்களா என்று கேட்பான்.

எப்படி முடிகிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். அதில் வித்தை ஒன்றும் இல்லை என்றான். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் நெஞ்சு காற்று கொடு, காற்று கொடு என்று அடித்துக்கொள்ளுமாம். அது கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட வேண்டுமாம். நெஞ்சு கேட்பதை மதிக்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பான். முப்பது வருஷம் அப்படியே மதிக்காமல் இருந்து பழகிவிட்டான்.

குணத்தில் அவன் ஒரு முரடன். கோயிலுக்கு வர மாட்டான், ஆனால் மாதா தேர் வந்தால் முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். அண்ணி சிலுவையம்மாளிடம் நாளுக்கு நாலு சண்டை போடுவான். மகள் ஜூடி ஒரு சொல் சொன்னால் வாயை மூடிக்கொள்வான். என்னைப் படிக்க வைத்தவன் அவன்தான். அப்பா போன பிறகு நான் பிளஸ் டூ முடித்ததும் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்ததும் அவன் முங்கி முங்கி எழுந்த உழைப்பில்தான். அந்தப் படிப்பை வைத்துத்தான் கொரோனா சமயத்தில் மாநகராட்சியின் காய்ச்சல் கணக்கெடுப்பில் எனக்கு வேலை கிடைத்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வேலை இதுதான். காலையில் ஒரு துப்பாக்கி மாதிரிக் காய்ச்சல் கருவி, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவி, ஒரு படிவம். ஒரு நாளைக்கு நூறு வீடு. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா என்று கேட்டு எழுத வேண்டும். விரலில் தொண்ணூற்று நாலுக்குக் கீழே காட்டினால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், வண்டி வந்துவிடும். எங்களைப் பார்த்தாலே கதவைச் சாத்துவார்கள். கொரோனாக்காரி வந்துட்டா என்று என் காது படவே சொல்வார்கள். நானும் சும்மா விடுகிறவள் இல்லை, நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன். காய்ச்சலை மறைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் வீட்டுக் கிழவியை நீயே கொல்லப் போகிறாயா என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு யோக்கியம் பேசியவள்தான் நான்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம். இரண்டாவது அலை. எங்கள் சந்தில் தினம் ஒரு ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாகக் கட்டிலுக்குக் காத்துக்கிடந்த நாட்கள். அண்ணன் வீடு எங்கள் சந்தின் கடைசியில். அவனுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அண்ணி சொல்லவில்லை. மருந்துக் கடையில் ஜூடி டோலோ மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கேட்டேன், உளறிவிட்டாள்.

அவர்கள் ஏன் மறைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. முந்தின வருஷம் அவர்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தவருக்குக் கொரோனா என்று, யாரும் வெளியே வராதபடி அந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். பதினாலு நாள். அண்ணி காசு கொடுத்து வாங்குகிற பாலைக்கூட ஒரு கம்பு முனையில் மாட்டித் தகரத்துக்கு மேலே நீட்டினார்கள். அந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை. அதற்குமேல் அண்ணனின் கூட்டாளி சாவியோ. படகு ஓட்டுகிறவர். காலில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவரைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்து புதைத்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்ற சொல்லையே அண்ணன் வீட்டுக்குள் எடுக்க விடவில்லை.

காய்ச்சலின் ஆறாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கருவியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருந்தாள். ஜூடி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான். மூச்சு வாங்கவில்லை. வெறும் ஜல்பு, சளிதான், இரண்டு நாளில் தண்ணியில் இறங்கிவிடுவேன் என்றான். காய்ச்சலும் குறைந்திருந்தது.

விரலில் கருவியை மாட்டினேன். எண்பத்து நாலு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துடைத்து மறுபடி மாட்டினேன். எண்பத்து மூன்று. அடுத்த விரல், அடுத்த கை. பத்து விரலிலும் பார்த்துவிட்டேன், எண்பத்தாறுக்கு மேல் ஏறவில்லை. அவன் சிரித்தான். அவன் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறி, கத்தியும் கயிறும் அறுத்து, நுனித்தோல் காய்ந்த ரொட்டி மாதிரி தடித்துப் போயிருக்கும். ஆதார் எடுக்கப் போனபோது இவன் ரேகை விழவே இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஆதார் மிஷினுக்கே தெரியாத விரல் உன் பொம்மை மிஷினுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். கேட்டபோது சரியாகத்தான் பட்டது.

நான் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். அப்போதுதான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போன்ல டைம் வெய்யி. நா மூச்ச புடிக்கிறேன். நெஞ்சுல நோவு இருந்தா எவனால புடிக்க முடியும்? நீயே பாரு."

பத்து விநாடி மூச்சடக்கினால் நுரையீரலில் கொரோனா இல்லை என்று வாட்ஸப்பில் அப்போது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதை முதலில் கிளப்பிவிட்ட பாவி மட்டும் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தான். பத்து, இருபது, நாற்பது. அறுபத்தைந்து விநாடி. நிதானமாக விட்டான். இருமலும் இல்லை. வாட்ஸப் கேட்டது பத்து, இவன் காட்டியது அறுபத்தைந்து. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டரை நிமிடம் பிடிக்கிறவன் ஒரு நிமிடத்திலேயே ஏன் விட்டான் என்று என் மரமண்டையில் ஏறவில்லை.

அப்புறம் அவன் என் கையைப் பிடித்தான். எழுதாதே என்றான். எழுதினால் வண்டி வரும், சந்தே வேடிக்கை பார்க்கும், சிலுவை மறுபடியும் தலைகுனிவாள் என்றான். மாதா மேல் சத்தியம் கேட்டான். இவன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. நாளைக்குக் காலையில் வந்து மறுபடி பார்ப்பேன், அப்போதும் குறைவாக இருந்தால் நீ சொல்வதைக் கேட்க மாட்டேன், வண்டிக்குச் சொல்லிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, படிவத்தில் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். அதற்குள் அண்ணி குடத்தோடு உள்ளே வந்தாள். எவ்வளவு கீது என்று என்னைக் கேட்டாள். தொண்ணூத்தாறு அண்ணி என்றேன். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

மறுநாள் நான் போகவில்லை. வேறு வார்டில் ஆள் இல்லை என்று என்னைத் திருவொற்றியூர்ப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது பார்க்கலாம் என்று நினைத்தேன், உடம்பெல்லாம் வலித்தது, போனில் கேட்டுக்கொண்டேன். நல்லாத்தான் கீறேன் என்றான். குரல் கணீரென்றுதான் இருந்தது. நூறு அடி தூரத்தில் இருந்த வீடு அது.

வியாழக்கிழமை காலை ஜூடி ஓடிவந்தாள். அப்பா என்னவோ மாதிரிப் பேசுகிறார் என்றாள். போய்ப் பார்த்தால் அண்ணன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். படகு நிற்கிறது, கத்தி எங்கே, கத்தி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். உதடு கறுத்திருந்தது. நகம் நீலமாக இருந்தது. கருவியில் அறுபத்தெட்டு. அப்போதும் அவன் மூச்சு வாங்குவதாகச் சொல்லவே இல்லை. இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை, வண்டிக்குப் போன் போட்டேன். சந்தே வேடிக்கை பார்த்தது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே மூன்று மணி நேரம். அப்புறம்தான் கட்டில் கிடைத்தது. டியூட்டியில் இருந்த டாக்டர் மாயா சின்னப் பெண். கவச உடைக்குள் வியர்வையில் ஊறிப்போயிருந்தாள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் மாநகராட்சி உடையில் இருந்ததால் விவரமாகவே சொன்னாள்.

நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன, அங்கேதான் ரத்தம் ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. கிருமி அந்தப் பைகளின் சுவரைப் புண்ணாக்கிவிட்டது. முதல் வாரம் கிருமியின் ஆட்டம். அதற்குப் பிறகு கிருமியை விரட்ட வந்த உடம்பின் சொந்தப் படையே வெறிபிடித்து நல்ல சதையையும் சேர்த்து அடிக்கிறது. பைகளில் நீர் கோத்துவிட்டது. உங்கள் அண்ணனுக்கு நூற்றில் எழுபது பங்கு போய்விட்டது என்றாள். ரத்தமும் அங்கங்கே கட்டிக்கொள்ளுமாம், அது மூளைக்கும் போகலாம், இதயத்துக்கும் போகலாம்.

அவன் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சுப் பிடித்தானே என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது அக்கா என்றாள். மூச்சு முட்டுகிறது என்று நமக்குத் தோன்றுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, உள்ளே கெட்ட காற்று சேர்வதால்தான். இந்த நோயில் பல பேருக்குக் கெட்ட காற்று தாராளமாக வெளியே போய்விடும், நல்ல காற்று மட்டும் உள்ளே போகாது. அதனால் உடம்பு சாகிறது, ஆளுக்குத் தெரிவதில்லை. சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதற்குத்தான் விரலில் அந்தக் கருவியை மாட்டச் சொல்கிறோம் என்றாள். அந்தக் கருவி அப்போதும் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

விரல் தோல் தடித்திருந்தால் தப்பாகக் காட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் முன்னே பின்னே காட்டலாம், பத்து விரலிலும் எண்பத்து நாலு காட்டாது என்றாள். இரண்டு நாள் முன்னாலேயே வந்திருந்தால் என்று கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாதுக்கா. ஆனா ஆக்சிஜன் குறைய ஆரம்பிக்கிற அந்த நாள்லதான் ஸ்டீராய்டு நல்லா வேலை செய்யும். அன்னிக்கே வந்திருந்தா வாய்ப்பு நிறைய இருந்துச்சு."

நான் வெளியே வந்து சுவரோரமாக உட்கார்ந்தேன். அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கி இன்னா சொன்னாங்க, இன்னா சொன்னாங்க என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்கள் என்றேன்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஸ்டீராய்டு ஊசி, ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் ஊசி, ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியதும் அதற்கு இன்சுலின். குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகுப் பக்கத்து நுரையீரல் அப்போதுதான் விரியுமாம். ரெம்டெசிவிர் என்று வெளியே ஜனங்கள் வெயிலில் வரிசை நின்ற நேரம் அது. நானும் போய் நிற்கட்டுமா என்று மாயாவைக் கேட்டேன். அது முதல் சில நாட்களுக்கானது, இவருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, அலைய வேண்டாம் என்றாள்.

சாதா முகமூடியில் ஆக்சிஜன் போதவில்லை. காற்றை அழுத்தித் தள்ளுகிற இறுக்கமான முகமூடியை மாட்டினார்கள். அங்கேதான் அண்ணனின் தொழில் அவனுக்கே எமனாக வந்தது. முகத்தில் காற்றோ தண்ணீரோ வேகமாக அழுத்தினால் முப்பது வருஷம் பழகிய அந்த உடம்பு என்ன செய்யும்? மூச்சை அடக்கிக்கொள்ளும். மிஷின் காற்றைத் தள்ளத் தள்ள அவன் தொண்டையை மூடிக்கொண்டான். எண் இறங்கும், மணி அடிக்கும், நர்ஸ் ஓடிவந்து விடச் சொல்வாள். விடுவான், மறுபடி மூடிக்கொள்வான். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை என்று நர்ஸ் அலுத்துக்கொண்டாள். இவர் என்ன தொழில் செய்கிறார் என்று மாயா என்னைக் கேட்டாள். சொன்னேன். பிறகு எனக்கு ஒரு கவச உடையைக் கொடுத்து, நீங்கள் உள்ளே வந்து பேசுங்கள், உங்கள் குரலைக் கேட்டால் விடுவாரோ என்னவோ என்றாள்.

அண்ணன் குப்புறப் படுத்திருந்தான். முகத்தில் முகமூடி பதிந்து மூக்கு புண்ணாகியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, கண்ணுக்கு நேராக என் கண்ணாடிக் கவசத்தைக் கொண்டுபோனேன். அடையாளம் தெரிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் ஓடியது.

"அண்ணா, இது தண்ணி இல்ல. காத்து. புடிக்காத அண்ணா. அது குடுக்கிறத வாங்கிக்கோ."

தலையை ஆட்டினான். பத்துப் பதினைந்து மூச்சு ஒழுங்காக வாங்கினான். எண் எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே ஒரு மணி நேரம் இருந்தேன். அதற்குப் பிறகு தினம் ஒரு தடவை என்னை உள்ளே விட்டார்கள். நான் இருக்கும் வரை வாங்குவான். தூங்கினால் உடம்பு பழைய பழக்கத்துக்குப் போய்விடும். ஒருநாள் முகமூடியை ஒரு நிமிடம் எடுத்துச் சோறு ஊட்டும்போது, சிலுவையிடம் சொல்லாதே என்றான். அவ்வளவுதான் சொன்னான். எதைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஏழாவது நாள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். எட்டாவது நாள் சிறுநீர் நின்றது. பத்தாவது நாள், சனிக்கிழமை மதியம், என் அண்ணன் லூர்து இறந்துபோனான். முகத்தை ஒரு நிமிடம் திறந்து காட்டினார்கள். ஜூடிக்கு அன்றைக்கே உடம்பு கொதித்தது, அழுத அழுகையில் என்று நினைத்தோம். காசிமேட்டுக் கல்லறையில் நாலு பேர் இறக்கினார்கள், ஃபாதர் தூர நின்று ஜெபம் சொன்னார், பத்து நிமிடத்தில் முடிந்தது. எத்தனையோ தேரைத் தூக்கியவனுக்கு ஒரு தோள்கூடக் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே அண்ணி வாசலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

"செவ்வாக்கெழம தொண்ணூத்தாறு இருந்த மனுசன். என் நாத்தனா கையால எழுதிகீது. அவர இட்டுகினு போயி ஆஸ்பத்திரில கொன்னுட்டாங்க."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? தொண்ணூற்றாறு இருந்த ஆள் இரண்டு நாளில் அறுபத்தெட்டுக்கு இறங்கி அப்புறம் செத்துப்போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் கணக்கெடுப்புக்குப் போன இடத்தில் எங்கள் சந்திலேயே இரண்டு வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. லூர்துவுக்கு ஆன கதி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிக் கதவை மூடினார்கள். முன்பு மாதிரி நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை.

ஜூடியின் காய்ச்சல் நிற்கவில்லை. அப்பனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இவளுக்கும் அண்ணிக்கும் சோதனை செய்ததில் இல்லை என்றுதான் வந்தது. அதை நம்பி விட்டுவிட்டோம். கொஞ்சம் பூசின உடம்பு, இருபத்தொரு வயது. அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் நான் போனபோது படுக்கையில் கிடந்தாள். எழுந்து பாத்ரூமுக்குப் போய் வருவதற்குள் தலை சுற்றுகிறது என்றாள். விரலில் மாட்டினேன். எண்பத்தெட்டு. அவள் விரல் பூ மாதிரி இருக்கும், அதில் எந்தக் காய்ப்பும் இல்லை.

வண்டிக்குச் சொல்லப் போகிறேன் என்றேன். அண்ணி அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள். ஆஸ்பத்திரி பேரை எடுத்தால் மரியாதை கெடும் என்றாள். ஒரு பிணத்தை வாங்கிவந்தது போதாதா, இவளையும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழுந்தேன். போலீஸை வைத்துத் தூக்குவேன் என்று மிரட்டினேன். அண்ணி அசையவில்லை. தொண்ணூற்றாறு இருந்த ஆளையே கொன்றவர்கள் எண்பத்தெட்டு இருக்கிறவளை விட்டுவைப்பார்களா என்றாள். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. பதினாறு நாளாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிந்த பதில் அது. அதைச் சொன்னால் எனக்கு இந்த வீடு இல்லை, எனக்குத் தெரியும். உள்ளே ஜூடி இருமினாள்.

"அண்ணி, அது தொண்ணூத்தாறு இல்ல. எம்பத்தி நாலு. நா பொய் எழுதுனேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. இன்னா சொன்ன என்றாள்.

"பத்து வெரல்லயும் பாத்தேன். எம்பத்தி நாலு, எம்பத்தி மூணு. எழுதாதன்னு அண்ணா கேட்டான், எழுதல. உன்கிட்டயும் பொய் சொன்னேன். அவன ஆஸ்பத்திரி கொல்லல அண்ணி. அனுப்ப வேண்டிய நாள்ல நா அனுப்பல. இவளயாச்சும் இன்னிக்கே அனுப்பு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விரித்த கை இரண்டும் தானாகக் கீழே இறங்கின. பிறகு திரும்பி உள்ளே போனாள். ஒயர் கூடையில் நைட்டி, துண்டு, பிரஷ், தைராய்டு மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தாள். ஜூடிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். வண்டி சந்து முனையில் நிற்குமா வாசலுக்கே வருமா என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. மாயாதான் பார்த்தாள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அந்த வராண்டாவில் வாய்விட்டு அழுதேன். ஆக்சிஜன், ஸ்டீராய்டு, வயிற்றில் ஊசி, குப்புறப் படுக்கை. அப்பனுக்குக் கொடுத்த அதே மருந்துகள்தான், புதிதாக ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் முகமூடியை எடுத்தார்கள். பதினோராவது நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, நாலு படி ஏறினால் நெஞ்சு படபடத்தது, அதெல்லாம் சரியாக ஐந்தாறு மாதம் பிடித்தது. இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். பார்த்தால் அத்தை என்று கூப்பிட்டு நின்று பேசுகிறாள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று நான்தான் அவளை ஆட்டோவில் கூட்டிவந்தேன். அண்ணி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். சுற்றி முடித்து, நெற்றியில் சிலுவை போட்டு, மகளை உள்ளே அனுப்பினாள். நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே படியில் கால் வைத்தேன். அண்ணி கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"என் பொண்ண காப்பாத்துனது நீ. அத யார் கேட்டாலும் நா சொல்வேன். ஆனா இனிமே என் வூட்டுக்கு வராத ரேச்சலு."

கோபமாகச் சொல்லவில்லை. இதமாகத்தான் சொன்னாள். சரி அண்ணி என்றேன். நாலு வருஷமாகிறது. ஒரே சந்து, ஒரே தண்ணீர் லாரி. எனக்கு முன்னால் அவள் நின்றால் அவள் பிடித்து முடிக்கும் வரைக்கும் நான் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.